செங்கல்பட்டில் ஓய்வுக்காலம்: மலையடி மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: ஐயா, நான் அடுத்த மே மாதம் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். கணவருக்கு 62 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். வில்லிவாக்கத்தில் இரண்டாம் மாடியில் சொந்த ஃபிளாட், லிஃப்ட் கிடையாது. மகள் தாம்பரத்தில் இருக்கிறாள், மகன் வெளிநாட்டில். ஏரியும் மலையும் சூழ்ந்த, சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஊரில் மீதிக் காலத்தைக் கழிக்க இருவருக்கும் ஆசை. செங்கல்பட்டை யோசிக்கிறோம். திருக்கழுக்குன்றம் சாலைப் பக்கம் மலையடியில் ஒரு மனை காட்டினார்கள். ஃபிளாட்டை விற்று, அதை வாங்கி வீடு கட்டலாமா?

பதில்:

சகோதரி, ஊரைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மனையைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்த மனை எது என்றே தெரியாமல் இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் நில அளவைத் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். அது 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்ததையும், 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானதையும் பார்த்தவன். ஓய்வு பெற்றதும் நீங்கள் இப்போது நினைப்பதைத்தான் நானும் செய்தேன். ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, கொல்லைப்புறம் குன்று தெரியும்படி ஒரு வீட்டை வாங்கினேன். நிலத்தின் பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை, அளவில் ஓர் அங்குலம் பிசகவில்லை. ஆனாலும் பதினான்கு மாதங்களில் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குள் வாடகைக்கு வந்துவிட்டோம்.

அந்தப் பதினான்கு மாதங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் சொர்க்கம்தான், அதில் பொய் இல்லை. விடியும் முன் மயில் அகவும். கிணற்றடியில் கீரிப்பிள்ளை குட்டிகளோடு போகும். மழை வருவதற்குக் கால் மணி முன்பே குன்றின் நிறம் மாறிவிடும். சென்னையில் முப்பது வருடம் காதில் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றுபோனதே பெரிய விடுதலையாக இருந்தது. பிறகு எனக்குக் கண்புரை வந்தது. இருட்டிய பின் ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை. அதோடு எங்கள் மாலைப்பொழுது ஐந்தரை மணிக்கே முடிந்தது. என் மனைவி சென்னையில் இருந்தவரை தெருவில் பத்துப் பேரோடு பேசாமல் காய்கறி வாங்கி வந்ததில்லை. அங்கே பேசுவதற்கு நான் ஒருவன்தான். அவர் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். நான் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டேன். அது அமைதியல்ல, வாட்டம் என்று எனக்குப் புரியவே வெகுநாள் ஆனது.

ஐப்பசி மாதம் ஓர் இரவு, மணி பதினொன்றரை இருக்கும், அவருக்கு நெஞ்சுவலி. 108-க்குச் சொன்னோம்; வண்டியும் சீக்கிரமே வந்தது. ஆனால் பிரதான சாலையோடு நின்றுவிட்டது. எங்கள் லே-அவுட்டுக்குள் வரும் முந்நூறு மீட்டர் மண்பாதை முழங்கால் ஆழச் சேறாகக் கிடந்தது. நானும் பக்கத்துத் தோப்புக் காவல்காரரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போனோம். பிழைத்துவிட்டார். இன்று நன்றாக இருக்கிறார். அந்த முந்நூறு மீட்டரை நான் மறக்கவில்லை. உங்கள் கணவருக்கு ஸ்டென்ட் என்று படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பாதைதான்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: வீடு ஊருக்குள் இருக்கட்டும், இயற்கையைத் தேடி நீங்கள் போய் வாருங்கள். செங்கல்பட்டில் அது முடியும். இந்த ஊரின் அருமையே அதில்தான் இருக்கிறது. ரயில் நிலையமும் அரசு மருத்துவமனையும் கடைத்தெருவும் ஏரியும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் ஊர்கள் சென்னையைச் சுற்றி அதிகம் இல்லை. மாடியில் ஏறி நின்றால் நான்கு பக்கமும் குன்றுதான். குன்றைப் பார்ப்பதற்கு அதன் காலடியில்தான் குடியிருக்க வேண்டும் என்பதில்லை.

ரயிலைப் பற்றிச் சொல்கிறேன். சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாக வரும் புறநகர் ரயில்களில் பல செங்கல்பட்டுவரை வருகின்றன. உங்கள் மகள் வீட்டுக்கு முக்கால் மணி நேரம் போதும். ரயில் புறப்படும் இடமே இது என்பதால் போகும்போது உட்கார இடம் கிடைத்துவிடும். வயதானவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். மாலை ஐந்திலிருந்து எட்டுவரை தாம்பரத்தில் ஏறுவதைத் தவிர்த்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். தெற்கே போகும் பல விரைவு ரயில்களும் இங்கே நிற்கின்றன. காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் பாதையும் இங்கிருந்துதான் பிரிகிறது. கார் இருக்கிறதே என்று ஜி.எஸ்.டி. சாலையை நம்பி முடிவெடுக்காதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னும் பின்னும் பரனூர் சுங்கச்சாவடிப் பக்கம் வண்டிகள் நிற்கும் நிற்பைப் பார்த்தால் விளங்கும். எழுபத்தைந்து வயதில் அந்தச் சாலையில் கார் ஓட்ட உங்களுக்கும் விருப்பமிருக்காது, உங்கள் பிள்ளைகளும் விடமாட்டார்கள்.

மதுராந்தகம், திருத்தணி, பூண்டிப் பக்கம் திருவள்ளூர் என்றெல்லாம் வேறு ஊர்களையும் சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எல்லாம் நல்ல ஊர்கள்தான். மதுராந்தகம் ஏரியின் அழகு செங்கல்பட்டுக்குக் கிடையாது என்றே சொல்வேன். ஆனால் தாம்பரம் வழியாக அடிக்கடி ஓடும் புறநகர் ரயில் செங்கல்பட்டோடு முடிந்துவிடுகிறது. மகள் தாம்பரத்தில் இருக்கும்போது உங்களுக்கு அந்த ஒரு காரணமே போதும்.

அடுத்தது மருத்துவம். இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. அதன் மருத்துவமனைக்குச் சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும். ஆனால் நெருக்கடி நேரத்தில் கை கொடுக்கும் இடம் அது. ரயில் பாதையை ஒட்டிச் சென்னைப் பக்கம் போனால் காட்டாங்குளத்தூரில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நீங்கள் வீடு பார்க்க வரும் நாளில் ஒரு வேலை செய்யுங்கள். எந்த மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கும் இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் குழு தயாராக இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். பதிலை எழுதி, அந்தத் தொலைபேசி எண்ணோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். வழக்கமாகப் பார்க்கும் இதய மருத்துவரை மட்டும் மாற்ற வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சென்னைக்கு ரயிலில் போய் வருவது கடினமில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது. நடமாட்டம் குறைந்தவர்களுக்கு அது பெரிய உதவி. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளுக்கு வருகிறார்கள்.

இனி நிலமும் நீரும். இதில்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டை ஏரிகள் மாவட்டம் என்று அந்தக் காலத்திலிருந்தே சொல்வார்கள். செங்கழுநீர்ப் பூக்கள் நிறைந்த நீர்நிலையால் செங்கழுநீர்ப்பட்டு என்று பெயர் வந்து, அது பின்னால் செங்கல்பட்டு ஆனது என்பார்கள். இங்கே ஏரி என்பது தனியாகக் கிடக்கும் ஒரு குளமல்ல; அது ஒரு சங்கிலியின் கண்ணி. மேட்டிலிருக்கும் ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியாக மிச்ச நீர் வெளியேறி, கால்வாய் பிடித்து, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. முன்னோர்கள் இந்தச் சரிவைக் கண்ணாலேயே அளந்து கரை போட்டிருக்கிறார்கள். சங்கிலி வைத்து அளந்த எனக்கு அது எத்தனை பெரிய வேலை என்று தெரியும். பெருமழைக்காலம் வந்தால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். நடுவில் இருபது வருடமாக அது வறண்டு கிடந்ததா, அங்கே கல் நட்டு மனை போட்டார்களா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

மனை விற்பவர்கள் உங்களைக் கோடையில்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்போது வரத்துக் கால்வாய் என்பது புல் முளைத்த சின்னப் பள்ளமாகத் தெரியும்; மாடு மேய்ந்துகொண்டிருக்கும். ஏரியின் நீர்ப்பிடிப்பு விளிம்பு, பார்ப்பதற்கு நல்ல சமதளமான, மண்வளமுள்ள நிலம். ‘ஏரியைப் பார்த்த மனை’ என்று அதற்குத்தான் விலை கூடச் சொல்வார்கள். 2015-இல் சென்னையையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்த மழை நினைவிருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தது. ஆண்டுக்கணக்கில் மணலாகவே கிடந்த ஆறு அது. நீங்கள் எந்த வீட்டைப் பார்த்தாலும், மனையைப் பார்த்தாலும், விற்பவரைக் கேட்காதீர்கள். அக்கம்பக்கத்தில் பால் ஊற்றுபவரையும் இஸ்திரி போடுபவரையும் ‘அந்த இரண்டு வருடமும் தண்ணீர் எதுவரை வந்தது’ என்று கேளுங்கள். கையை வைத்துக் காட்டுவார்கள். சுவரில் கறை இன்னும் இருந்தாலும் இருக்கும். பெயர்களையும் கவனியுங்கள். தாங்கல், ஏந்தல், மடு என்று முடியும் பெயர் ஒரு தெருவுக்கோ வயலுக்கோ இருந்தால், அங்கே ஒரு காலத்தில் நீர் தங்கியிருந்தது என்று பொருள். ‘நகர்’ என்று புதிதாகப் பெயர் வைத்துவிட்டால் பள்ளம் மேடாகிவிடாது.

குன்றடி மனைக்கு இன்னும் சில சிக்கல்கள் உண்டு. இந்தப் பக்கத்துக் குன்றுகள் கெட்டியான பாறை. பாறைக்கு மேல் மண் மெல்லிசு. ஆழ்துளைக் கிணறு போட்டால் தண்ணீர் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஒரு மனையில் தண்ணீர் இருக்கும், அடுத்த மனையில் வெறும் புகை வரும். பாலாற்றை ஒட்டிய பகுதிகளில் ஆறு வறண்டு கிடந்தாலும் மணலுக்கடியில் நீரோட்டம் உண்டு. வல்லிபுரத்துக்கும் ஈசூருக்கும் இடையிலும், வாயலூரிலும் தடுப்பணைகள் கட்டிய பின் அங்கே கிணறுகள் தேறியிருக்கின்றன. எந்த வீடானாலும் மே மாதக் கடைசியில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். மார்கழியில் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும்.

அதேபோல் கல்குவாரி. பாறை இருக்கும் இடத்துக்குக் குவாரியும், கல்லை உடைத்து ஜல்லியாக்கும் கிரஷரும் வரும். நீங்கள் மனை பார்த்த ஞாயிற்றுக்கிழமை அங்கே சத்தம் இருந்திருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை போய், சாலையோர மரங்களின் இலையைத் தொட்டுப் பாருங்கள். விரலில் வெள்ளைத் தூசு ஒட்டினால் அந்தக் காற்றைத்தான் உங்கள் கணவர் தினமும் சுவாசிக்கப்போகிறார். குன்று காப்புக்காடாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்படியானால் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தெளிவாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஊருக்குள் எங்கே இருப்பது? ரயில் நிலையத்திலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ ஒன்றரை கிலோமீட்டருக்குள், தார் அல்லது சிமெண்ட் சாலையில், தரைத் தளத்தில். இந்த மூன்றுக்கும் பொருந்தி வரும் வீடு அழகாக இல்லாவிட்டாலும் அதையே எடுங்கள். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. கதவின் அகலம் சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு, மூன்றடியாவது இருக்கட்டும். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம். கழிப்பறையில் பிடித்து எழக் கம்பி இன்றே போட்டுவிடுங்கள், தேவைப்படும்போது போடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சமையலுக்கோ துணைக்கோ ஆள் வேண்டுமானாலும் ஊருக்குள் கிடைப்பார்கள். எட்டு கிலோமீட்டர் தள்ளி, பஸ் வராத லே-அவுட்டுக்கு நல்ல சம்பளம் சொன்னாலும் யாரும் வருவதில்லை. எங்களுக்கு அந்தப் பதினான்கு மாதமும் வீட்டு வேலைக்கு ஆள் நிலைக்கவே இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வங்கிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. வில்லிவாக்கம் ஃபிளாட்டை உடனே விற்க வேண்டாம். வாடகைக்கு விடுங்கள். அந்த வாடகையில் இங்கே நல்ல தரைத் தள வீடு கிடைக்கும். ஓராண்டு, அதாவது ஒரு மே மாதமும் ஒரு கார்த்திகையும் உள்ளிட்ட முழு ஓராண்டு, வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் திரும்பிப்போக வீடு இருக்கும். பிடித்துவிட்டால் அப்போது விற்கலாம். விற்ற பின் மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்கு பெற, இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்று ஆண்டுக்குள் கட்டவோ அவகாசம் இருக்கிறது. அவசரப்பட எந்தத் தேவையும் இல்லை. பிள்ளைகள் பெயருக்கு எதையும் இப்போதே தானமாக எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். இருந்தாலும் கையில் ஒரு சொத்து இருக்கும்வரை முதுமை நிமிர்ந்து நிற்கும் என்பதை நான் எத்தனையோ பட்டா மாறுதல் மனுக்களில் பார்த்திருக்கிறேன். கண்ணீரோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறேன். பராமரிப்பதாக நிபந்தனை எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது திரும்பப் பெற 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

இவ்வளவு எச்சரிக்கையும் படித்துவிட்டு, இந்த மனிதர் எங்களைப் பயமுறுத்துகிறாரே என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வந்ததற்காக நாங்கள் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஊருக்குள் குடிவந்த பிறகுதான் எனக்கு இந்த மண்ணின் இயற்கை முழுதாகக் கிடைத்தது.

கொளவாய் ஏரியை நீங்கள் ரயிலில் வரும்போது பார்த்திருப்பீர்கள். பரனூர் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டியே தண்ணீர் விரிந்து கிடக்கும். எப்போது பார்த்தாலும் நீர் இருக்கும் ஏரி அது. நாங்கள் காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் நடப்போம். மார்கழியில் நீரின் மேல் பனி ஒரு முழ உயரத்துக்குப் போர்த்திக் கிடக்கும்; அதற்குள்ளிருந்து நீர்க்காகம் தலையை மட்டும் நீட்டும். ரயில் போகும்போது பனி இரண்டாகப் பிளந்து மறுபடி சேர்ந்துகொள்ளும். கழிவுநீர் கலக்கும் ஓரங்களும் அதே ஏரியில் உண்டு, மறைக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஓய்வு பெற்றவர்கள் நான்கு பேர் சேர்ந்து மனு எழுதி, மனுவின் பின்னாலேயே நடக்கிறோம். நீங்களும் வந்தால் ஐந்தாவது கையெழுத்து கிடைக்கும்.

திருக்கழுக்குன்றம் சாலையில் கொஞ்ச தூரத்திலேயே வல்லம். சின்னக் குன்றில் மூன்று குடைவரைகள். அவற்றில் ஒன்று, மகேந்திரவர்ம பல்லவனுக்கு அடங்கிய சிற்றரசன் ஒருவனின் மகன் கந்தசேனன் குடைவித்தது என்று அங்கேயே கல்லில் வெட்டியிருக்கிறது. சுமார் ஆயிரத்து நானூறு ஆண்டு பழைய எழுத்து. படியேற முடிகிற வயதிலேயே போய்வந்துவிடுங்கள். மேலே நின்றால் ஏரிகள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி சிதறிக் கிடப்பது தெரியும். இன்னும் பத்து கிலோமீட்டர் போனால் திருக்கழுக்குன்றம். வேதகிரி மலையில் உச்சிவேளையில் கழுகுகள் வந்து பிரசாதம் உண்டதை என் தலைமுறை நேரில் பார்த்திருக்கிறது. கழுகு என்று சொன்னாலும் அவை மஞ்சள்முகப் பாறுகள். பல ஆண்டுகளாக வருவதில்லை. மலைமேல் அந்த இடத்தில் நிற்கும்போது ஒரு வெறுமை வந்து தொண்டையை அடைக்கும்.

வேடந்தாங்கல் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நீங்கள் பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கலாம். இந்த வயதில் போவது வேறு. தை மாதம், மாலை நான்கு மணிக்குப் போய்க் கரையில் உட்காருங்கள். தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் முழுக்கக் கூடுகள். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் என்று ஒரே இரைச்சல். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இந்தப் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-இல் லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர், ஏரியையும் பறவைகளையும் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். இன்றும் அந்தக் கிராமத்தில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. நான் பணியில் இருந்தபோது அளக்கப் போன நிலங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏரிப் பாசன நிலம், அந்த ஆயக்கட்டுதான்.

என் மனைவிக்கு இந்த ஊரில் கிடைத்தது வேறொன்று. ஊருக்குள் வந்த மூன்றாம் வாரம் எதிர்வீட்டு அம்மாள் ஒரு கிண்ணத்தில் வற்றல்குழம்போடு வந்தார். கிண்ணத்தைச் சும்மா திருப்பிக் கொடுக்க முடியுமா? இவர் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தார். இப்போது வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஏழு பேர் சேர்ந்து போகிறார்கள். அவர் பேச்சு முழுவதும் திரும்பி வந்துவிட்டது. வீடு பார்க்க வரும்போது, மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் எத்தனை வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்களில் ஒருவர் என்றாவது தனியாக இருக்க வேண்டி வரும். எழுதுவதற்குக் கையே வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அந்த வாசல்கள்தான் துணை.

இத்தனைக்குப் பிறகும் அந்த மலையடி மனை மனத்தைவிட்டுப் போகவில்லை என்றால், வாங்கித் தோப்பு வைக்கலாம்; குடியிருக்க வேண்டாம். வாங்கும் முன் விற்பவரிடம் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கேளுங்கள். அதை வைத்து அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் பட்டாவும், ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டு விவரமும் பார்த்துவிடலாம். அ-பதிவேட்டில் அந்த எண் ஏரி, ஓடை, மேய்க்கால், வண்டிப்பாதை என்று எதுவாக இருந்தாலும் மேற்கொண்டு பேசாதீர்கள். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடமான புலப்படத்தை எடுத்து, மனைக்குப் போகும் பாதை படத்திலும் பாதையாக இருக்கிறதா, அல்லது யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தின் மேல் போகிறதா என்று பாருங்கள். பத்து மனைப் பிரச்சினைகளில் ஆறு, மனையில் இல்லை, மனைக்குப் போகும் வழியில்தான் இருந்தன. என் பணிக்காலத்தில் கண்டது இது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுங்கள். நகர ஊரமைப்பு இயக்ககத்தின் அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் அங்கீகாரமும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். அங்கீகாரம் பெறாத பழைய லே-அவுட் என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா, முறையாக வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் ஆகிவிடும்மா’ என்ற வாய்வார்த்தை போதாது; ஆணையின் நகல் கையில் வர வேண்டும்.

சர்வே எண்ணைக் கேட்டதும் ‘முன்பணம் கொடுத்தால் எல்லாக் காகிதமும் தருகிறோம்’ என்பார்கள். அப்படிச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எண்ணைக் கொடுத்தார்கள் என்றால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பக்கத்து ஏரிகளின் கலங்கலும் கால்வாயும் எங்கே போகின்றன என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.